கேன்டீன் அத்தை போட்ட பாட்டில்

"அத்தே, டீயில சர்க்கரை போட்டீங்களா?" என்று கேட்டால், "குடிச்சிட்டு சொல்லு" என்பார். "இன்னிக்கு மழை வருமா அத்தே?" என்றால், "மாடியில துணி காயப்போட்டிருக்கியா?" என்பார். "பெங்களூர்ல இருந்து பையன் போன் பண்ணாரா?" என்றால், "உன் பொண்ணு துன்னாளா?" என்பார். ஆம், இல்லை என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் உலகத்தில் பாதி வேலை நடக்கிறது. அந்த இரண்டையும் தொடாமலே எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்து காட்டினார் அந்த அம்மாள். எனக்கு அவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்று இன்றுவரை தெரியவில்லை. பாருங்கள், அந்தப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டுவிட்டது.

அத்தை முறையெல்லாம் கிடையாது. சித்தூரில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்து. பதினான்கு வீடு. பதினான்கு வீட்டுக்கும் அவர் அத்தைதான், கேன்டீன் அத்தை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர், எப்போதோ இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன கார்டை எடுத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை மிலிட்டரி கேன்டீனுக்குப் போவார். போகும்போது கையில் காலி ஒயர் கூடை. வரும்போது கூடையில் சோப்பு, டீத்தூள், பற்பசை, கார்டுக்கு உண்டான ரம். ரம் பாட்டில்களுக்கு மேலே ஒரு கட்டு கொத்தமல்லி. ஒளித்துக்கொண்டு வருகிறார் என்று சந்தில் பேசிக்கொள்வார்கள். கொத்தமல்லியை அடியில் வைத்தால் நசுங்கிப்போகாதா என்று நான் நினைத்துக்கொள்வேன். இரண்டில் எது உண்மையோ.

அவர் குடிப்பாரா என்று ஒரு தடவை என் அம்மா நேரடியாகவே கேட்டுவிட்டார். என்ன பதில் வந்திருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். "ஏம்மே, உனுக்கு ஊத்தட்டுமா?" அம்மா அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நாங்கள் பழைய மிஷன் சபைக்காரர்கள். குடிக்கமாட்டோம் என்று ஆல்டரில் நின்று உறுதி சொன்ன பரம்பரை. என் அப்பா சபையில் டீக்கனாக, பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர்.

அந்த ரம் எல்லாம் கிறிஸ்மஸுக்குப் போகும். மே மாதத்தில் மாம்பழத்தில் ஆரம்பிப்பார். ஜூலையில் நாவல்பழம், மழைக்குப் பிறகு கொய்யா, நவம்பரில் ஆரஞ்சு. ஊறுகாய் போடுகிற அகலவாய் கண்ணாடி பாட்டில்களைக் கழுவி வெயிலில் காயவைத்து, பழத்தை ஊசியால் குத்தி, கற்கண்டு, பட்டை, இரண்டு கிராம்பு போட்டு, கழுத்துவரை ரம்மை ஊற்றி மூடி, கட்டிலுக்கு அடியில் இருட்டில் வைத்துவிடுவார். சனிக்கிழமை சனிக்கிழமை ஒவ்வொரு பாட்டிலையும் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவார், கைக்குழந்தையை ஏப்பம் விட வைப்பதுபோல. டிசம்பர் வந்தால் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே கிறிஸ்மஸ் கேக் வாசனை அடிக்கும்.

எல்லா பாட்டிலும் ஒன்றுபோல இருக்காது, அதுதான் விஷயம். ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கு. பாட்டிலில் பேர் இருக்காது. ஆனால் மே மாதத்தில் போட்ட மாம்பழம் யாருக்கு என்று மே மாதத்திலேயே அவருக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கொண்டுவந்து கையில் கொடுத்து, "உனுக்குன்னு போட்டது" என்பார். அவ்வளவுதான். ஏன் எங்கள் வீட்டுக்குக் கொய்யா, பக்கத்து வீட்டுக்கு மட்டும் மாதுளை என்று கேட்டால், "துன்னுட்டு சொல்லு."

சந்து முழுக்க அந்த ஒரு வாரம் இதே பேச்சாகத்தான் இருக்கும். அவளுக்கு எதற்கு நெல்லிக்காய், புளிப்பு வாய்க்காரி என்று குத்திக்காட்டுகிறாரா? பொதுச்சுவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரில் அண்ணனுக்கு ஆரஞ்சுச் சுளை, தம்பிக்கு ஆரஞ்சுத் தோல். தம்பி குதி குதி என்று குதித்தான். "தோலுக்குத்தான் வாசனைன்னு அர்த்தமா, இல்ல நான் தோலுன்னு அர்த்தமா? கேட்டு சொல்லுக்கா!" நான் என்னத்தைக் கேட்பது? அண்ணனும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் இரண்டு பாட்டிலையும் ஒன்றாகக் கொட்டிக் குடித்தார்களா, தனித்தனியாகக் குடித்தார்களா, தெரியாது. சுவர் இன்னும் பாதியில் நிற்கிறது.

ஒரு சட்டம் மட்டும் உண்டு. பாட்டிலைக் கழுவி ஈஸ்டருக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது. மதுபானம் பாவம் என்று வருஷத்துக்கு நான்கு பிரசங்கம் செய்யும் எங்கள் பாஸ்டர் ஐயாவுக்கும் ஒரு பாட்டில் போகும். அவர் வீட்டிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பாட்டில் கழுவி வந்துவிடும். உள்ளே இருந்தது தொண்டைக்குள் போனதா, சாக்கடைக்குள் போனதா என்று அத்தையிடம் கேட்டேன். "பளபளன்னு கழுவியிருக்காங்க பாத்தியா?" என்றார்.

நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு வீடு இருக்கிறது. சந்து முனையில் ஒரு ஐயங்கார் குடும்பம். அந்த மாமா திருமலையில் கோயில் மடப்பள்ளியில் வேலை, வாரம் ஒருமுறை இறங்கி வீட்டுக்கு வருவார். அவருக்கு மட்டும் பாட்டில் போகாது. ஓலைக்கூடையில் முழுப் பழங்கள் போகும். அதைக் கொடுக்கும்போது மட்டும், யாரும் கேட்காமலே, அத்தை வாயிலிருந்து நேரான வார்த்தை வரும். "சாமி, உங்களுக்கு வெறும் பழம்தான். கத்தி படல, கரண்டி படல. கடையில இருந்து நேரா கூடைக்கு." அந்த மாமாவும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு லட்டு கொடுப்பார். யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று இந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தெரியும்தானே? அப்படியிருக்க, என் வீட்டுக்காரருக்கு ஏன் அந்த பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்?

என் வீட்டுக்காரர் வாடகை கார் ஓட்டுகிறார். காட்பாடி ஸ்டேஷனில் பக்தர்களை ஏற்றித் திருமலைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவருவார். எட்டு வருஷம் குடித்தார். கார் ஓட்டும் நேரத்தில் குடிக்கமாட்டார், அதில் ஒரு பெருமை வேறு. சாவியை ஆணியில் மாட்டினால் ஆரம்பம். என்னென்ன பட்டேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு ஜனவரியில் மகளின் பள்ளி ஆண்டுவிழா. அவள் மேடையில் ஏஞ்சல் வேஷத்தில் நிற்கிறாள். இவர் தள்ளாடிக்கொண்டு வந்து முதல் வரிசை நாற்காலிகளோடு சேர்ந்து விழுந்தார். அவள் அழக்கூட இல்லை. டயலாக்கை மறந்துவிட்டு நின்றாள். அன்றைக்கு விட்டார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு கிடையாது. நான் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு பதினோரு மாதம் ஓட்டினேன்.

பதினோராவது மாதம் கிறிஸ்மஸ். முந்தின நாள் சாயங்காலம் அத்தை வந்தார். இவர் சவாரியில் இருந்தார். புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். உலர்ந்த அத்திப்பழம், நாட்டு மருந்துக் கடையில் மாலையாகக் கோத்துத் தொங்கவிடுவார்களே, அது. கழுத்துவரை அடைத்து, மேலே கருப்பாக ஏதோ ஊற்றியிருந்தது.

"உன் வூட்டுக்காரனுக்குன்னு போட்டது" என்றார்.

"அத்தே, இதுல ரம்மு கீதா?"

"அவனுக்குன்னு போட்டது. அவனையே கேளு."

"அவரு விட்டுட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதா? பதினோரு மாசமா நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு கீறேன். கீதா இல்லியா, அதை மட்டும் சொல்லுங்க!"

"கேக்கு வெந்துடுச்சா? வாசனை வருது பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேக் உண்மையிலேயே தீய்ந்துகொண்டிருந்தது. ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் பாட்டில் மேஜையில் உட்கார்ந்திருந்தது. சிங்க்கில் கொட்டிவிடலாம் என்று எடுத்தேன். கொட்டினால் ஏன் கொட்டினாய் என்பார். உன்மேல் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வேண்டிவரும். ஒளித்துவைத்தால் தேடுவார். திறந்து மோந்து பார்க்கவும் பயம், ரம்மாக இருந்துவிட்டால்? அதற்குள் இவரே வந்துவிட்டார். பாட்டிலைப் பார்த்தார். "அத்தை குடுத்தாங்களா?" என்றார். எடுத்து ஸ்டீல் பீரோ மேல், பைபிளுக்கும் மகள் பள்ளியில் பரிசாக வாங்கிய கப்புக்கும் நடுவில் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். நாள் முழுக்க பாட்டிலும் குழாயும் அளவுக்கோடும்தான். அன்றைக்கு ராத்திரியே லேபிலிருந்து கொண்டுவந்திருந்த பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து பாட்டிலின் பின்பக்கம் ஒட்டி, ரம்மோ என்ன எழவோ, அது நின்ற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பிளாஸ்டர் தெரியாதபடி பாட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

காலையில் எழுந்ததும் முதலில் அந்தக் கோடு, பிறகுதான் ஜெபம். முதல் நாள் சரியாக இருந்தது. இரண்டாம் நாள் ஒரு நூல் கீழே. கண் தப்பாக இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் ஒரு விரல் கீழே. புது வருஷ ஆராதனையில் நன்றி சொல்ல எல்லோரும் எழுந்து நின்றார்கள். எனக்கு மட்டும் கால் எழவில்லை. ஜனவரி மூன்றாம் தேதி முழுசாக இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

சாயங்காலம் அவர் வந்து சாவியை மாட்டினார். நான் பாட்டிலைக் கொண்டுவந்து எதிரே வைத்தேன்.

"இதை யாரு குடிச்சது?"

அவர் பாட்டிலைப் பார்த்தார். திருப்பினார். பிளாஸ்டரைப் பார்த்தார்.

"இது இன்னா கோடு?"

"நான் போட்டது."

"எப்போ?"

"வந்த அன்னிக்கே."

அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். ஆணியிலிருந்து சாவியைத் திரும்ப எடுத்தார். "ஏதாவது பேசுங்க! குடிச்சேன்னாவது சொல்லுங்க, குடிக்கலைன்னாவது சொல்லுங்க!" என்று கத்தினேன். "நீ ஏற்கெனவே எழுதி வெச்சிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு நாள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அவருடைய சிநேகிதர் ஒருவர் மட்டும், அண்ணன் திருப்பதியில் டிரைவர்கள் தங்கும் ரூமில் இருக்கிறார், மலைக்கு சவாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார். "குடிக்கிறாரா?" என்று கேட்டேன். "அதை நான் பாக்கலக்கா" என்றார். இந்த ஊரில் யாருக்குமே நேராகப் பதில் சொல்ல வராதா?

நான்காம் நாள் அத்தை வீட்டுக்குப் போனேன். மரியாதையெல்லாம் மறந்துபோனது. "உங்களாலதான் என் குடித்தனம் சந்தி சிரிக்குது. இன்னாத்துக்கு குடுத்தீங்க? உங்களுக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழுது முடிக்கும்வரை துடைத்தார்.

பிறகு கேட்டார்: "பழம் எப்படி கீது?"

"பழமா? நான் என் புருஷனைப் பத்திப் பேசிக்கினு கீறேன், நீங்க பழத்தைக் கேக்கறீங்களே!"

"பாத்தியா, பாக்கலியா?"

நான் பார்க்கவில்லைதான். கோட்டைத்தான் பார்த்தேன். வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் தட்டையாக, ஐந்து ரூபாய்க் காசு போல இருந்த அத்திப்பழங்கள் இப்போது ஒவ்வொன்றும் கொழுகொழு என்று உப்பிக் கிடந்தன. மேலே இருந்த இரண்டு பழம் தண்ணிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அடிப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். வாராவாரம் கொண்டைக்கடலை ஊறப்போடுகிறவள் நான். ராத்திரி முழுக முழுக ஊற்றிய தண்ணீர் காலையில் கடலைக்குக் கீழே நிற்கும். ஒரு நாளாவது கடலையைப் பார்த்து யார் குடித்தது என்று கேட்டிருக்கிறேனா?

சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. பழம் குடித்தது, சரி. முழுவதையும் பழமே குடித்ததா? பழம் ஒன்றரை விரல், இவர் அரை விரல் என்று இருக்கக்கூடாதா? நான் லேபில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறேன். அத்திப்பழம் குடித்தது எவ்வளவு, மனுஷன் குடித்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எங்கள் லேபில் டெஸ்ட் கிடையாது. இனி நம்புவது என்றால் சும்மாதான் நம்ப வேண்டும். சும்மா நம்புவது எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன். அலிபிரியில் மலை ஏறுகிற வண்டிகளை நிறுத்தி, சாராயம் சிகரெட் இருக்கிறதா என்று சோதனை போடுவார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர்கள் நிற்கும் இடம். இவர் ஈரத்துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்னா, வதினம்மா ஒச்சாரு!" என்று ஒரு டிரைவர் தெலுங்கில் குரல் கொடுத்தான், அண்ணி வந்திருக்கிறார் என்று. இவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார். முகம் தெளிவாக இருந்தது. கண் சிவக்கவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

"பழம் ஊறி குடிச்சிருக்குது" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஓ. பழம் சாட்சி சொன்னதால வந்தியா?"

"இல்ல. பழம் முழுசா சாட்சி சொல்லல. சும்மாதான் வந்தேன்."

அவர் துணியைப் பிழிந்தார். "தோ பாரு, அங்க டிக்கியைத் தொறக்கறாங்க, சீட்டுக்கு அடியில கை விட்டுப் பாக்கறாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி. எனக்குக் கோவமே வராது. அது அவங்க டூட்டி. ஆனா நீ என் வூட்லயே செக்போஸ்ட் போட்டுட்டியே மே."

நான் ரோட்டிலேயே அழுதேன். பக்தர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

"அந்த அம்மாவைச் சொல்லணும்" என்றேன். "எல்லாம் தெரிஞ்சும் உங்களுக்கு குடுத்தாங்களே."

"அவங்க எனக்குப் போடவே இல்ல" என்றார். "இந்த வாட்டி நமக்கு இல்லேன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான்தான் கிறிஸ்மஸுக்கு மொத நாள் காலையில போய்க் கேட்டேன்."

"நீங்களா? எதுக்கு?"

"சந்துல எல்லா வூட்டுக்கும் போவுது. நம்ம வூட்டுக்கு மட்டும் வரலைன்னா, ஏன் வரலைன்னு எல்லாருக்கும் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும். அதுக்குத்தான். பழம் எல்லாம் தீந்துபோச்சு, அத்திதான் கீதுன்னாங்க. சரின்னேன்."

அதனால்தான் மற்ற வீட்டுப் பழம் எல்லாம் ஊறித் தளர்ந்திருக்க, எங்கள் வீட்டு அத்தி மட்டும் காய்ந்தபடி வந்திருக்கிறது. என் கண்ணுக்கு அது அன்றைக்கே தெரிந்தது. புத்திக்குத்தான் எட்டவில்லை.

"சரி, அதுல ரம்மு கீதா?"

"அவங்களும் அதைத்தான் கேட்டாங்க. ஊத்தட்டுமா, வெறும் வெல்லப்பாகு ஊத்தட்டுமான்னு. உன் இஷ்டம் அத்தே, எனக்கு மட்டும் சொல்லாதேன்னேன்." துணியை உதறினார். "பாகுன்னு தெரிஞ்சா, என்னைச் சின்னப்பையன்னு நெனச்சிட்டாங்கன்னு இருக்கும். ரம்முன்னு தெரிஞ்சா தூக்கம் வராது. தெரியாம இருந்தா அது பாட்டுக்கு ஒரு பாட்டில். அவ்ளோதான்."

அவனையே கேளு. அத்தை சொன்னது அதுதான். எழுபது வருஷத்தில் அபூர்வமாக ஒரு கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லியிருக்கிறார், நான்தான் அதையும் வழக்கமான மழுப்பல் என்று விட்டுவிட்டேன். யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்காமல், ஒரு துண்டு பிளாஸ்டரைக் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கே காரில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டரை உரித்தேன். பசை போகவில்லை. மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தும் அந்த இடத்தில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. பாட்டில் பீரோ மேலேயே இருந்தது. ஈஸ்டர் வந்தது, போனது, கழுவித் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டப்படி எங்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது. அத்தை அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கப் போய், அவர் கொடுத்த கொத்தமல்லியை ஆய்ந்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு கிறிஸ்மஸ் கழித்து ஒரு பாட்டிலோடு வந்தார். அதே அத்திப்பழம். இந்த முறை நன்றாக ஊறி உப்பியிருந்தது. "உனுக்குன்னு போட்டது" என்றார்.

"அவருக்கா அத்தே?"

"உனுக்கு."

எனக்கென்று தனியாக அவர் போட்டது அது ஒன்றுதான். உள்ளே என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, கேட்டும் பயனில்லை. அந்த ஈஸ்டருக்கு முன்பே இறந்துவிட்டார். தூக்கத்தில் போனார். மகன் வந்து அடக்கம் செய்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். கட்டிலுக்கு அடியில் காலி பாட்டில்கள் வரிசையாக இருந்தனவாம். ஒவ்வொன்றும் யாருக்கு என்று எந்தக் குறிப்பும் இல்லை.

பீரோ மேல் இரண்டு பாட்டில்கள் ஆயின. போன டிசம்பரில் ஒரு மத்தியானம், வீடு சுத்தம் செய்யும்போது என் பாட்டிலை இறக்கினேன். தூசு துடைத்தேன். யாரும் இல்லை. என்ன தோன்றியதோ, திறந்து தம்ளரில் கால்வாசி ஊற்றி, ஒரு பழத்தையும் போட்டு ஒரு வாய் குடித்தேன்.

ரம். சந்தேகமே இல்லை. நாக்கு எரிந்து, தொண்டை எரிந்து, மூக்கிலும் ஏறியது. எட்டு வருஷம் ராத்திரியில் என் வீட்டு வாசலில் வந்து நின்ற அதே வாசனை. டீக்கன் மகள், ஜென்மத்தில் தொடாதவள், எனக்குப் போய் அதை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். எதற்கு? கோடு போட்டதற்குத் தண்டனையா? உன் புருஷன் எதை விட்டான் என்று ஒரு வாய் பார் என்றா? இல்லை, கையில் ரம் இருந்தது, ஊற்றினாரா? எனக்கே ரம் என்றால், விட்டவருக்குப் பாகுதானே ஊற்றியிருப்பார்? இல்லை, எனக்கே ரம் ஊற்றியவர் யாருக்குத்தான் ஊற்றமாட்டார்? இருமிக்கொண்டே யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. சவாரி ரத்தாகி இவர் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியதைப் பார்த்தேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசனை, அவர் வீட்டிலேயே, என் வாயிலிருந்து. ஐயோ ஆண்டவரே, நானே குழி தோண்டிவிட்டேனே என்று இருந்தது.

"செக்போஸ்ட்ல மாட்டிக்கினியா?" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருமினேன். அவர் கிட்டே வந்து என் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டார். ஊற்றியதில் இன்னும் பாதி இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழம் எப்படி கீது?"

"நல்லா ஊறியிருக்குது" என்றேன்.

"இரு, தண்ணி கொண்டாரேன்" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு அடி நகர்ந்தால் சிங்க் தெரியும், கை தெரியும், எல்லாம் தெரியும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். தம்ளர் கழுவும் சத்தம்.

நான் எட்டிப் பார்க்கவில்லை.